வலது கைக்கு ஒரு படகு

ஹேவ்லாக், நியூசிலாந்து,
நவம்பர் 9, ஞாயிறு
(எழுதத் தொடங்கியது போன புதன்)

அன்பு நண்பன் டெஸ்ஸுக்கு மெர்வின் எழுதுவது.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டின் மேல் உட்கார மறுக்கின்றன. சில பெரிதாகவும் சில சிறிதாகவும் இருக்கும். அழுத்தி எழுதுவதால் தாளின் பின்பக்கத்தை விரலால் தடவியே படித்துவிடலாம். இது நான்காவது தாள். மற்ற மூன்றும் அடுப்புக்குப் போயின. யாரும் பக்கத்தில் இருந்து சொல்லித் தரவில்லை. எழுபத்து மூன்று வயதில் என் கையால் நானே எழுதும் முதல் கடிதம் இது.

நீ நம்ப மாட்டாய். மார்ச் மாதத்திலிருந்து செவ்வாய்க்கிழமை காலைகளில் நூலகத்துக்குப் போகிறேன். ஹினெமோவா என்று ஓர் அம்மா எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிறார். முதல் நாளே, "பேனாவ ரம்பம் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க மெர்வின், அது எங்கயும் ஓடிப் போயிடாது" என்று சொன்னார். மர மில்லில் நாற்பது வருஷம் இருந்த கை, வேறு எப்படிப் பிடிக்கும்?

நீ எப்படி இருக்கிறாய்? உன் மகள் ஜனினிடம் போனில் கேட்டால், "அப்பா நல்லாத்தான் இருக்கார் மாமா, பேசத்தான் வர மாட்டேங்கறார்" என்கிறாள். போன மாதம் ஒருமுறை போனை உன் காதில் வைத்தாள் போலிருக்கிறது. நீ மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பிறகு அவளே வாங்கிக்கொண்டாள். பக்கவாதம் வந்தபிறகு பேச்சு குழறுவதால் உனக்கு வெட்கமாக இருக்கிறதாம். சரி. அதனால்தான் இந்த வழியில் வருகிறேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு படகு பார்த்து வைத்திருக்கிறேன், நம் இருவருக்கும். இந்தக் கோடைக்கு நீ பிரிஸ்பேனிலிருந்து வருவாயா என்பதுதான் கேள்வி. நீ சரி என்று சொல்லாமல் படகு நமக்குக் கிடைக்காது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். மாத முடிவுவரைதான் தவணை.

அதற்கு முன் உன்மேல் ஒரு புகார். இப்போது ஊரில் ஒரு பலகை விடாமல் படிக்கிறேன். உப்பு டப்பாவைப் படிக்கிறேன், தபால்காரர் சட்டையைப் படிக்கிறேன். படகு இறக்கும் சரிவில் உள்ள பெரிய பலகையையும் படித்தேன். "மில் ஆளுங்க சனிக்கிழமை சத்தம் போடக் கூடாதுன்னு போட்டிருக்கு, வாயை மூடு" என்று நீ முப்பது வருஷம் என்னிடம் சொன்னாயே, அது கடல்பாசி பரவாமல் படகின் அடியைக் கழுவச் சொல்லும் பலகை. மதுக்கடை வாசலில் என் பெயர் எழுதியிருப்பதாகச் சொன்னதும் பொய். அங்கே நாய் கட்டும் இடம் என்றுதான் இருக்கிறது. இன்னும் என்னென்ன பொய் சொல்லியிருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறேன். இவ்வளவு சந்தோஷமான வேலை எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை.

இனிப் படகு. சனிக்கிழமை மதியம் உன் வண்டிக்குள் உட்கார்ந்து, கறி அடைத்த பேஸ்ட்ரி தின்றுகொண்டு, படகு இறக்குகிறவர்களுக்கு மார்க் போட்டோமே. டிரெய்லரைப் பின்னால் தள்ளத் தெரியாதவனுக்கு இரண்டு. அடித்துவாரத்துக்கு அடைப்பான் போட மறந்து படகை மூழ்கவிட்டவனுக்குப் பூஜ்யம். வாங்கப் போனபிறகுதான் தெரிந்தது, நமக்கு மார்க் போடத் தெரியும், வேறு ஒன்றும் தெரியாது.

உன் இடது கை எவ்வளவு தூக்குகிறது, இடது கால் எவ்வளவு மடங்குகிறது என்று ஜனினிடம் விவரமாகக் கேட்டுக்கொண்டேன். படகு பார்க்கப் போன இடத்திலெல்லாம் என் இடது கையைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டு இடுப்பு வாரால் கட்டிக்கொண்டேன். முழங்காலுக்குப் பின்னால் ஒரு மெல்லிய பலகையை வைத்துத் துணி சுற்றினேன். உன்னை இங்கே கொண்டுவர முடியாது. அதனால் நானே நீயாகப் போனேன்.

முதல் படகு பிக்டனில். சிவப்பு. ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல், மூக்கு கூர்மை, நாம் எப்போதும் பத்துக்கு ஒன்பது கொடுக்கிற சாதி. விற்கிற பையனுக்கு முப்பது வயது இருக்கும். "கைக்கு என்ன ஆச்சுங்க?" என்றான். "என் கைக்கு ஒண்ணும் இல்ல, இது வேற ஒருத்தர் கை" என்றேன். அதற்குமேல் அவன் கேட்கவில்லை. ஏறப் பார்த்தேன். பக்கம் என் மார்பு உயரம். ஒரு கையால் தொத்தி, வயிற்றை விளிம்பில் போட்டு, அங்கேயே சிப்பி மூட்டை மாதிரி தொங்கினேன். அவன் பின்னாலிருந்து தள்ளினான். அவனுடைய நாய் என் காதை நக்கியது.

தண்ணீரில் விட்டபிறகு இன்னொன்று தெரிந்தது. ஒரு கைக்காரன் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஸ்டியரிங்கை விட்டுத்தான் ஆகவேண்டும். விட்டேன். மூக்கு சட்டென்று வலப்பக்கம் திரும்ப, நான் அந்தப் பையன் மடியில் போய் விழுந்தேன். "ரெண்டு கையும் இருந்தா இப்படி ஆகாதுங்க" என்றான். அதைத்தான் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். நீ சிவப்புதான் வேண்டும் என்பாய். தெரியும். கிடையாது.

இரண்டாவது, நம் மில் ஆபீசில் இருந்த ஆல்ஃபுடையது. வெள்ளைப் படகு, வழவழவென்று இருந்தது. படகின் பின்பக்க உள்சுவரில் சின்னத் தகடு ஒன்று இருக்கும், பார்த்திருப்பாய். "அதெல்லாம் நீ படிக்க மாட்ட, நானே சொல்லிடறேன். நூத்திப் பதினஞ்சு குதிரைசக்தி இன்ஜின் வரைக்கும் தாங்கும், அதைத்தான் மாட்டியிருக்கேன்" என்றான். நான் மண்டியிட்டு உட்கார்ந்தேன். உப்பைத் துடைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துப் படித்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஆல்ஃப் உள்ளே போய்த் தேநீர் போட்டுக் குடித்துவிட்டே வந்துவிட்டான். எண்கள் எனக்கு முன்பே தெரியும், டெஸ். எந்த எண் எதற்கு என்பதுதான் தெரியாது. தகட்டில் ஐந்து பேர் என்று இருந்தது. இன்ஜின் தொண்ணூறுக்குமேல் கூடாது என்று இருந்தது. சத்தமாகப் படித்துக் காட்டினேன். "யார்றா உனக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றான். "ஒரு பொம்பள, செவ்வாக்கிழம காலைல" என்றேன். அவன் என்ன நினைத்துக்கொண்டானோ, அவன் மனைவி ஜன்னல் வழியாக என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மூன்றாவதுதான் நமக்கானது. லிங்க்வாட்டரில் ஆட்ரி என்ற அம்மாவிடம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அழகு என்று சொல்ல முடியாது. சாம்பல் நிற அலுமினியம், இரண்டு பக்கமும் தடித்த காற்றுக் குழாய், பார்த்தால் கோழிக்கூண்டு. ஆனால் மூக்கில் ஒரு படி இருக்கிறது, முன் கண்ணாடி நடுவில் கதவு மாதிரி திறக்கிறது. கரையில் மூக்கை முட்டிவிட்டால் நேராக நடந்து உள்ளே போகலாம். படி முழங்கால் உயரம்தான். ஸ்டியரிங் எண்ணெய் அழுத்தத்தில் ஓடுவது. கையை எடுத்தால் விட்ட இடத்திலேயே நிற்கிறது. நடுக்கடலில் கையை எடுத்து இருபது எண்ணினேன். ஒரு விரற்கடை நகரவில்லை. ஒரு கையாலேயே திருப்ப அதில் ஒரு குமிழும் மாட்டிக்கொள்ளலாம், மில்லில் மரம் தூக்குகிற வண்டியில் உனக்கு இருந்ததே, அதே மாதிரி. எடையையும் பார்த்துவிட்டேன். விற்கிறவர்கள் வெறும் படகின் எடையைத்தான் சொல்வார்கள். இன்ஜின், பெட்ரோல், டிரெய்லர் எல்லாம் சேர்த்துக் கூட்டி, என் காரோடு வந்த புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டேன். பதினெட்டு வருஷமாக அந்தப் புத்தகம் கையுறைகளுக்கு அடியில் கிடந்தது. என் கார் இழுக்கும்.

சோதித்துப் பார்க்க நம் சரிவுக்கே கொண்டுவந்தோம். தப்புப் பண்ணிவிட்டேன். நாம் மார்க் போட்ட அத்தனை பேரும் மேலே வரிசையாக நின்றார்கள். "டேய் மெர்வ், முப்பது வருஷமா எங்களுக்கு மார்க் போட்டியே, இன்னிக்கு எங்க முறைடா" என்று ஒருவன். "அடைப்பான் போட்டியா, இல்ல அதையும் பொய்க்கையால போடணுமா?" என்று இன்னொருவன். டிரெய்லரை மூன்று தரம் கோணலாகத் தள்ளினேன். நான்கு மார்க் கொடுத்தார்கள். நாமாக இருந்தால் மூன்றுதான் கொடுத்திருப்போம்.

ஆட்ரி மட்டும் சிரிக்கவில்லை. கட்டிய கையையும் விறைத்த காலையும் பார்த்துவிட்டு, "இடது பக்கமா? எப்ப வந்தது?" என்று கேட்டார். எனக்கில்லை, பிரிஸ்பேனில் இருக்கும் என் நண்பனுக்கு, போன ஜனவரி என்றேன். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சரியில்லாத கால் முதலில் என்று எனக்குப் பழக்கிக் கொடுத்தார். பத்துத் தரம் ஏறி இறங்கினேன். முடித்துவிட்டு, வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னால், "அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "ஆளைக் கேக்காம அளவெடுத்துச் சட்டை தைக்கறீங்க. மாசக் கடைசி வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆனா அவர் சரின்னு சொல்லாம உங்களுக்கும் குடுக்க மாட்டேன். வேண்டாம்னு சொன்னா அதையும் நீங்க கேட்டுக்கணும்." இதுதான் நிலவரம்.

இனிச் சொல்லப்போவது எழுதக் கஷ்டமானது. இதற்காகத்தான் மூன்று தாள் எரிந்தது.

ஒவ்வொரு வசந்தத்திலும் நீ படகு வாங்கலாம் என்பாய். நான் முதுகு வலி என்பேன், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பேன், டிரெய்லர் நிறுத்த இடமில்லை என்பேன். எதுவும் உண்மை இல்லை. நீ தண்ணீரில் மயங்கி விழுந்தால், உள்ளே இருக்கிற அத்தனை வளைகுடாவும் ஒரே மாதிரி இருக்கும் இடத்தில், வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் முழித்துக்கொண்டு நிற்பேன். எங்கே இருக்கிறோம் என்று ரேடியோவில் சொல்லத் தெரியாது. உன்னைக் கரை சேர்க்க முடியாது. அந்தப் பயம்தான். எனக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். மில்லில் என் படிவங்களை நீதான் நிரப்பினாய். ஆனால் நமக்குப் படகு இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று உனக்குத் தெரியாது. உன் கையும் காலும் நன்றாக இருந்த முப்பது வருஷத்தை நான் கரையில் உட்கார வைத்துவிட்டேன்.

ஜனவரியில், ஜனின் உன்னைப் பிரிஸ்பேனுக்கு அழைத்துப் போகும் முன், இங்கே ஆஸ்பத்திரியில் உனக்கு ஒரு வெள்ளைப் பலகை கொடுத்திருந்தார்கள். வாய் குழறுகிறது என்று அதில் எழுதிக் காட்டுவாய். நர்ஸ் படித்தாள், ஜனின் படித்தாள், சாப்பாடு கொண்டுவந்தவன்கூடப் படித்தான். நான் வந்ததும் நீண்ட நேரம் எழுதினாய். என் பக்கம் திருப்பினாய். நான் தலையாட்டினேன். என் முகத்தைப் பார்த்ததும் உனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துவிட்டாய். மார்ச்சில் நான் நூலகத்துக்குப் போனது அதனால்தான். அன்றைக்கு என்ன எழுதினாய் என்று கேட்கத் தைரியம் வரும்வரை நவம்பர் ஆகிவிட்டது.

ஜனின் பயப்படுவாள். அவளிடம் சொல், உயிர்காப்புச் சட்டை போடாமல் உன்னைச் சரிவுப் பக்கமே விட மாட்டேன், உன் டாக்டர் சம்மதிக்காமல் கிளம்பவும் மாட்டோம். நெல்சன் விமான நிலையத்துக்கு நான் வருவேன். வீட்டில் கீழ் அறையைக் காலி செய்துவிட்டேன், படியே கிடையாது. ஸ்டியரிங் உன்னிடம், வரைபடம் என்னிடம். பேசுவதைப் பற்றிக் கவலைப்படாதே. இன்ஜின் ஓடும்போது படகில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்பதில்லை. ஆட்ரியும் நானும் அரை மணி நேரம் கத்திப் பார்த்துவிட்டு, பிறகு கையைக் காட்டித்தான் பேசிக்கொண்டோம்.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். உன் கால் நாளுக்கு நாள் ஊன்றட்டும். ஜனின் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும். உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும், வரும் புதன்கிழமை நான் மறுபடி தாளை விரித்துக்கொண்டு உட்காருவேன்; அடுத்த வாரமும் உனக்கு என்னிடமிருந்து ஒன்று வரும்.

ஆனால் நீ எழுது, டெஸ். வலது கை நன்றாகத்தானே இருக்கிறது. ஒரு சொல் போதும். அன்றைக்கு அழித்ததையும் எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, நான் படித்துவிடுவேன்.

உன் நண்பன்,
மெர்வின்