ஒட்டிப் பிறந்த விரல்கள்

கால்வினியா,
5 ஏப்ரல் 1983

அன்புள்ள அலெட்டா அக்காவுக்கு,

எல்லோரும் நலம். மழைதான் இன்னும் இல்லை. எனக்கு மகள் பிறந்திருக்கிறாள். வழக்கப்படி என் மாமியார், மார்லீஸின் அம்மா பெயரையே வைத்திருக்கிறோம்: சூசன்னா. நல்ல எடை, நல்ல குரல். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டியிருக்கின்றன. பிரித்துவிடலாம் என்கிறார் டாக்டர். சின்ன விஷயம்.

ஞானஸ்நானம் இருபத்துநான்காம் தேதி. உன் உடம்புக்கு அவ்வளவு தூரப் பயணம் சிரமம். ஜூலையில் நிதானமாக வாயேன்.

உன் தம்பி,
ஹெனிங்

வூஸ்டர்,
11 ஏப்ரல்

தம்பி,

குழந்தைக்கு என் முத்தங்கள். உனக்குக் கிடையாது.

என் உடம்புக்கு என்ன? கல் மாதிரி இருக்கிறேன். எலும்பெல்லாம் கல்லாய்த் தடித்து இறுகுவதுதானே என் வியாதியே! ஒன்றும் தெரியாதவன் போல எழுதுகிறாயே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. நானும் அதே இரண்டு விரல்கள் ஒட்டித்தான் பிறந்தேன். மூன்று வயதில் முகத்தின் ஒரு பக்கம் அசைவற்றுப் போனது, ஏழில் மறுபக்கம். குளிர்காற்று பட்டுவிட்டது என்றாள் அம்மா. பத்து வயதில் அவளைவிட உயரம். பிறகு தாடை தடித்தது, காது போயிற்று. கொட்டகைக் கூரையிலிருந்து விழுந்தும் எனக்கு ஓர் எலும்புகூட முறியவில்லை என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்தவன் நீ. மண்டையோடு தடித்து மூளையை நெருக்கியதால் இரண்டு முறை திறந்தார்கள்.

ஆரம்பத்திலிருந்தே டாக்டர்கள் கவனித்து வந்தால் ஆபத்தைத் தடுக்கலாம். மார்லீஸிடம் சொன்னாயா இல்லையா? ஒரே வார்த்தையில் பதில் போடு.

அலெட்டா

கால்வினியா,
16 ஏப்ரல்

அக்கா,

ஒரே வார்த்தையில் எழுதுகிற விஷயமா இது? சின்ன வயதில் வந்த காய்ச்சலால்தான் உனக்கு இப்படி ஆனது என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டேன். இப்போது எப்படி மாற்றிச் சொல்வது? விரல் ஒட்டினால் அந்த வியாதியாகத்தான் இருக்க வேண்டுமா? பிள்ளை பெற்ற உடம்பு, அவளை அழவைக்காதே. இனி எழுதுவதானால் கூட்டுறவுக் கடை முகவரிக்கு எழுது. ஞானஸ்நானத்துக்கு வர வேண்டாம்.

ஹெனிங்

வூஸ்டர்,
2 மே

தம்பி,

வரவில்லை. வராமல், மார்லீஸ் பெயருக்கே வீட்டு முகவரியில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டேன். தெரிந்தேதான் செய்தேன்.

சனிக்கிழமை அவள் குழந்தையோடு என் வாசலில் நின்றாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன் என்பதால் நிதானமாகப் பேசினாள். குழந்தை அழும்போது வாயின் இடது ஓரம் அசையவில்லையாம்.

"பத்து நாளா பாத்துட்டுத்தான் இருக்கேன் அண்ணி. கேட்டா, ஒரே பக்கமா படுக்குறதாலங்கறாரு. அவருக்கு முதல்லயே தெரியுமா?"

தெரியும் என்றேன். குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, இது யார் பக்கத்திலிருந்து வந்தது என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும் இருந்தாத்தான் வரும். உன் தப்பும் இல்ல, அவன் தப்பும் இல்ல. மறைச்சது மட்டுந்தான் அவன் தப்பு."

இதே வியாதி வந்த நம் பெரியப்பா சித்தப்பா கதைகளையெல்லாம் கேட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் தேநீர் போட்டேன். வேறென்ன செய்வது?

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கேப்டவுனில் டாக்டரைப் பார்க்கிறோம். மார்லீஸ் உனக்கு எழுத மாட்டாளாம். எழுதச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. புதன்கிழமை மாலைக்குள் இங்கே என் வீட்டுக்கு வந்துவிடு. வந்து வாசலில் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதே. நேரே உள்ளே வந்து குழந்தையைத் தூக்கு. சூசன்னா அழும்போது அவள் முகத்தை நீயே பார்.

அக்கா