ஒரே ஒரு போஸ்டுக்கு நீ எடுத்த ஆள்

போய்ச் சேர்ந்துவிட்ட என் மேனேஜருக்கு,

நேற்று மாலை உன் வீட்டில் ஜெபம் வைத்திருந்தார்கள். நான் போனபோது உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டிருந்தது. ஆனாலும் வாசலிலேயே நின்றுவிட்டேன். துக்கத்தில் நின்றேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எல்லோரும் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் மருமகள் எட்டிப் பார்த்து, "இன்னா அங்கிள், செருப்பு காணோமா?" என்று கேட்டாள். இல்லம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. இந்தப் பாழாய்ப்போன பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்துவிட்டு நீ நிம்மதியாகப் போய்விட்டாய்.

ஃபேக்டரியின் கூடைப்பந்து டீமுக்கு ஆள் பிடிக்கிற வேலை ரொம்ப வருஷம் நம் இருவருடையதாக இருந்தது. நான் பகலில் மெஷின் ஷாப்பில் டர்னர், சாயந்திரம் கோச். நீ பர்சனல் செக்‌ஷனில் அசிஸ்டென்ட், அதற்குமேல் டீமுக்கு மேனேஜர். வெளிநாடுகளில் நட்சத்திர ஆட்டக்காரர்களை எடைபோட்டு வளைத்துப் பிடிக்க ஒரு தனி ஆபீஸே இருக்கிறது என்று நீ பேப்பரில் படித்துச் சொன்னாய். நமக்கு ஆபீஸ் என்று இருந்தது கேன்டீனில் ஜன்னலோர மேசை ஒன்றுதான். அங்கே உட்கார்ந்துகொண்டு பெங்களூரு, சேலம், மைசூரு என்று எந்த ஊர்ப் பையன் எவ்வளவு உயரம், எவன் எந்த வேலைக்கு ஆசைப்படுகிறான் என்று பேசிக்கொண்டிருப்போம். டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும்.

நான் ஆளைக் கோர்ட்டில் பார்ப்பேன். முதல் தடவை எல்லோரும்தான் எம்பிக் குதிக்கிறார்கள். பந்து ரிங்கில் பட்டுத் திரும்பும்போது இரண்டாவது தடவை எவன் எழும்புகிறான் என்று பார்ப்பேன். கடைசி ஐந்து நிமிஷத்தில் எவன் இடுப்பில் கை வைக்கிறான் என்று பார்ப்பேன். உனக்கு அதெல்லாம் வேண்டாம். "கோர்ட்ல எல்லாரும் நடிப்பான்டா. வூட்ல போய்ப் பாக்கணும்" என்பாய். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும் அவன் வீட்டில் ஒரு வேளையாவது சாப்பிடாமல் நீ யாருடைய பேரையும் கமிட்டிக்குச் சொன்னதில்லை. வீட்டுக்குள் நுழையும்முன் நீ மட்டும் வாசலில் பின்தங்குவாய். லேஸ் கட்டுகிற மாதிரி குனிந்து அவன் செருப்பைத் திருப்பிப் பார்ப்பாய். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எந்தக் கால் பாரம் வாங்குகிறது, எந்தக் கால் வாங்க மறுக்கிறது என்று உனக்கு அதில் தெரிந்துவிடும். நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி என்று நான் கிண்டல் பண்ணுவேன். ஆனால் நீ வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேர் வேறு டீமில் சேர்ந்து, கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் உட்கார்ந்ததை நானே பார்த்தேன். அதற்கப்புறம் உன் மூக்கை நான் சந்தேகப்படவில்லை.

அந்தக் கடைசி வருஷத்துக்கு வருகிறேன். தங்கச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று நம் ஊர் முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம். நம் ஃபேக்டரியிலும் கையை இறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரே ஒரு போஸ்ட், இதுதான் கடைசி என்று உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். இந்த வருஷம் லீக்கில் மேல் டிவிஷனில் நிற்காவிட்டால் அடுத்த வருஷம் டீமே கிடையாது. நீ வந்து இதைச் சொன்னபோது கையில் வைத்திருந்த போண்டாவைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டேன். கல்யாணம், பிள்ளை எல்லாவற்றுக்கும் முன்னால் எனக்கு இருந்தது அந்த டீம். உனக்கு அது தெரியும்.

என் மனதில் ஒரு மைசூர்க்காரன் இருந்தான். பெரிய வித்தை எதுவும் கிடையாது, ஆனால் எருமைக்கால். நாள் முழுக்க ஓடுவான். அப்போதுதான் நம் ஊரிலேயே அருள் கிளம்பி வந்தான். சுரங்கத் தொழிலாளியின் மகன், இருபத்திரண்டு வயது, சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு வாசலில் தலை குனியாமல் நுழைய முடியாத உயரம். ஒரு டோர்னமென்ட்டில் அவன் ரிங்குக்குக் கீழே நின்று பந்தை எடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு நான் பக்கத்தில் இருந்தவர் தோளை அடித்தேன். எப்போதும் இடது காலில்தான் இறங்கினான். அது அவன் ஸ்டைல் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கோச்சாக இருந்த எனக்கு ஸ்டைல் என்றுதான் தோன்றியது, பார்.

அவனை வளைக்கப் பெங்களூரிலிருந்து ஒரு பேங்க் டீமும் வந்தது. அவர்கள் காரில் வந்து இறங்கினார்கள். நம் ராபர்ட்சன்பேட்டையில் எந்தக் கடையிலும் கிடைக்காத அவன் கால் அளவுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். நமக்குக் கார் ஏது? நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தமங்களாவுக்குப் போய் ஏரி மீன் வாங்கி, பேப்பரில் சுற்றி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். பஸ் முழுக்க நம்மைத் திட்டியது. கண்டக்டர், "இன்னா சார், மார்க்கெட்டையே ஏத்திகினு வர்றீங்க" என்றான். நீ அசையவில்லை. "ஷூ அவனுக்கு. மீனு அவங்க அம்மாவுக்கு. எது ஜெயிக்குது பாரு" என்று என்னிடம் சொன்னாய்.

ஜெயித்தது மீன்தான். அந்த அம்மா நம்மை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். "பேங்க்காரங்க தண்ணி கூட குடிக்கல சார். நீங்க வூட்டு மனுஷங்க மாதிரி சாப்டறீங்க" என்றார்கள். அவன் அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இருமலுக்கு நடுவே ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆட்டம் நின்னு பூட்டா, வேலையும் நின்னு பூடுமா சார்?"

"நிக்காதுண்ணே. கன்ஃபர்ம் ஆயிட்டா ரிட்டையர் ஆகிற வரைக்கும் வேலைதான். ஆடினாலும் ஆடாங்காட்டியும்" என்றாய்.

"பேங்க்ல?"

"அவங்க முதல்ல கான்ட்ராக்ட்லதான் வெப்பாங்க. ரெண்டு வருஷம் ஆட்டத்தைப் பாத்துட்டு அப்பறம்தான் சொல்வாங்க."

அவர் தலையை ஆட்டினார். அருள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தக் கேள்வி ஒரு தகப்பனின் சாதாரணக் கேள்வியாகத்தான் பட்டது. திரும்பும்போது பஸ்ஸில், "செருப்பு எப்படி?" என்று உன்னைக் கேட்டேன். "தேய்ஞ்சி கீது. ஒண்ணு வாங்கித் தரணும்" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன்.

மறுநாள் மைசூர்க்காரன் பேரை நான் ஒரு தடவை எடுத்தேன். "அவனுக்கு வேற எடம் கெடைக்கும்டா. நல்ல காலு" என்றாய். கமிட்டியில் உன் பேச்சுதான் நின்றது. மெடிக்கலில் கண், காது, நெஞ்சு எல்லாம் பார்த்தார்கள். முட்டியை யாரும் மடக்கிப் பார்க்கவில்லை. அருள் ஸ்டோர்ஸில் சேர்ந்தான், சீசனுக்கு முன்பே கன்ஃபர்மும் ஆனான்.

முதல் இரண்டு ஆட்டங்கள் அவன் ஒருவனே ஜெயித்துக் கொடுத்தான் என்று சொல்லலாம். மூன்றாவது பெங்களூரில். ரிங்குக்குக் கீழே கூட்டமாக எழும்பினார்கள். இடது பக்கம் கால் வைக்க இடமில்லாமல் வலது காலில் இறங்கினான். அவ்வளவுதான். சத்தம் போடக்கூட இல்லை, தரையில் உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது பழைய அடி, இவ்வளவு நாள் ஆடினதே ஆச்சரியம் என்றார். மீதி ஆட்டங்கள் எல்லாம் தோற்றோம். டிவிஷன் போனது. சொன்னபடியே டீமையும் கலைத்தார்கள்.

அன்று கேன்டீனில் நம் மேசைக்கு வந்து நான் உட்காரக்கூட இல்லை.

"அவன் செருப்பைப் பாத்தியா, இல்லியா?"

"பாத்தேன்."

"எப்போ தெரியும் உனக்கு?"

"வாசல்லயே தெரியும். இடது செருப்பு அட்டை மாதிரி தேய்ஞ்சி இருந்துச்சி. வலது புதுசு மாதிரி. அந்தக் காலை அவன் தரையிலயே ஊணல."

"தெரிஞ்சிகினே எட்தியா?"

நீ என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாய். அதற்காக உன்னை மெச்ச வேண்டும். "எங்க சேந்தாலும் அவனுக்கு ஆட்டம் ஒரு வருஷம்தான்டா. பேங்க்ல முட்டி போன அன்னிக்கே வெளிய தள்ளிடுவான். இங்க முப்பது வருஷம் வேலை. அவங்க நைனா எறங்கற சுரங்க ஷாஃப்ட்ட மூடினா அந்த வூட்ல இன்னா கீது?"

"நீ டீமுக்கு மேனேஜரா, அவங்க வூட்டுக்கு மேனேஜரா?"

உன் டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தாய். நான் குடிக்காமல் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் சுரங்கம் மூடியது. நம் தெருக்களில் ஆம்பிளைகள் பட்டப்பகலில் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்ததை நீயும் பார்த்தாய். அருள் வீட்டில் மட்டும் மாசாமாசம் சம்பளம் வந்தது. அவன் அப்பா இருந்த கொஞ்ச காலமும் மருந்து வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் உன்னிடம் நான் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டது வேறு. டீமில் இருந்த மற்ற பையன்களை நீ ஏன் நினைக்கவில்லை? அவர்களும் நம் கையை நம்பித்தான் வந்தார்கள். ஆட்டத்தை வைத்து ஒரு பிரமோஷன், ஊருக்கு ஊர் ஒரு பயணம், பேப்பரில் ஒரு வரி என்று அவர்களுக்கும் ஆசை இருந்தது. என்னை ஏன் நினைக்கவில்லை? சாயந்திரமானால் விசில் மாட்டிக்கொண்டு கிளம்பிய எனக்கு அதற்கப்புறம் சாயந்திரம் என்பதே எதற்கு என்று புரியவில்லை. அந்த மைசூர்க்காரனை வேறு டீம் எடுத்தது. தலை நரைக்கும்வரை ஆடினான். அவனைப் பற்றி யாராவது பேசினால் நான் எழுந்து போய்விடுவேன்.

நமக்குள் பேச்சு நின்றதும் மறுபடி ஆரம்பித்ததும் பெரிய கதை இல்லை. உன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகையோடு வந்தாய், என் பெண்டாட்டி காபி கொடுத்தாள், பருப்பு விலையைப் பற்றிப் பேசினோம். அப்புறம் நீ சாகும்வரை பேசிக்கொண்டேதான் இருந்தோம். கூடைப்பந்து என்ற வார்த்தையை மட்டும் இருவரும் தொடவில்லை. ஷாப்பில் அருள் காலை இழுத்து இழுத்துக் கடந்து போவான். "வணக்கம் சார்" என்பான். நான் தலையை ஆட்டுவேன், அவ்வளவுதான். நான் ரிட்டையர் ஆகிறவரை தினமும் இதே. உன்மேல் கோபப்பட்டுப்பட்டு எனக்கு அலுத்துவிட்டது. கோபத்தை விடுவதற்கும் தெம்பு வேண்டும் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது.

உன்னை அடக்கத்துக்கு எடுத்த அன்று நடந்ததை நீ பார்த்திருக்க முடியாது, அதனால் சொல்கிறேன். வண்டி வேண்டாம், சர்ச்சிலிருந்து தோளிலேயே கொண்டுபோகலாம் என்று உன் மகன் சொன்னான். முன்பக்கம் ஒரு தோள் நான். மறு தோளுக்கு யாரோ வந்து நின்றார்கள், பார்த்தால் அருள். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. அவன் உயரத்துக்கு நிமிர்ந்து நின்றால் பெட்டி என் பக்கம் சரிந்துவிடும். அவன் நிமிரவில்லை. இரண்டு முட்டியையும் மடக்கிக்கொண்டு, என் தோளுக்கும் கீழே தன் தோளை இறக்கி வைத்துக்கொண்டு நடந்தான். அப்படி ஒரு பத்தடி நடந்து பார்த்தால்தான் அது என்ன வலி என்று தெரியும். நல்ல காலுக்கே தாங்காது.

நான் உன்னை நினைக்கவில்லை. அழவும் இல்லை. அவன் வலது முட்டியைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன். வேன் ஸ்டாண்ட் தாண்டி மேடு வரும், அங்கே விழுந்துவிடுவான் என்று கணக்குப் போட்டேன். மேடு வந்தது. அவன் கழுத்தில் வேர்வை கொட்டியது. பின்னால் வந்தவர்கள் மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள். அவன் காதில் வாங்கவில்லை. நான் மெதுவாகச் சொன்னேன்.

"அருள், மாத்திக்கோப்பா. முட்டி போயிடும்."

டீம் கலைந்த பிறகு இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

"போவட்டும் சார்" என்றான். திரும்பிப் பார்க்காமலே சொன்னான். "இது போன முட்டின்னு தெரிஞ்சிதான் அவரு என்னை எட்தாரு."

கல்லறை வரைக்கும் அவன் தோளை மாற்றவுமில்லை, நிமிரவுமில்லை. அவன் பக்கம் தாழ்ந்திருந்ததால் பாரமெல்லாம் அங்கேதான் போய் இறங்கியது. உன் பெட்டியைத் தூக்கினேன் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். என் தோளில் ஒன்றும் ஏறவே இல்லை. குழியருகே இறக்கி வைத்த பிறகு அவனால் காலை நீட்ட முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்தான்.

நீ செய்தது தப்பு என்றுதான் நான் இன்றைக்கும் சொல்வேன். ஒரு டீமைக் கொண்டுபோய் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாய், அதுவும் என்னைக் கேட்காமல். கேட்டிருந்தால் நான் மைசூர்க்காரனைத்தான் எடுத்திருப்பேன். நீ கேட்காமல் இருந்ததும் அதனால்தான் என்பதை அந்த மேட்டில் நடக்கும்போது புரிந்துகொண்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது? உன்னிடம் போட வேண்டிய சண்டை பாதிக்குமேல் மிச்சம் கிடக்கிறது. பெட்டியின் பாரத்தை அவன் வாங்கிக்கொண்டான். இதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, நான்தான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

உன் கோச்