எல்லாருக்கும் அதே சீப்பு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், அவளுடைய முழங்கால் வலியும் வாயும் வழக்கம்போல ஓயவில்லை. நீ நலமா என்று கேட்கமாட்டேன், கேட்டால் நலம் என்றுதான் சொல்வாய். இதைப் போட்டோ எடுத்துப் போனில்தான் அனுப்புகிறேன், எழுத்துப்பிழை பார்த்துச் சிரிக்காதே, ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதில் வாத்தியாருக்கும் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம்.

போன வாரம் நீ அனுப்பிய போட்டோவில் உன் பின்னால் வெறும் அட்டைப்பெட்டி. முன்பெல்லாம் நீ வேலை பார்க்கிற மருந்துக்கடையின் கண்ணாடிக் கதவும் தெருவும் தெரியுமே என்று அம்மா துருவித் துருவிக் கேட்டபிறகுதான் சொன்னாய், மருந்து வாங்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் உன் நிறத்தைப் பார்த்துவிட்டு, நீ வேண்டாம், எங்க ஆளு யாராவது எடுத்துத் தரட்டும் என்றாளாம், மேனேஜரும் எதற்கு வம்பென்று உன்னைப் பின்னறையில் மாத்திரை எண்ண உட்கார வைத்தாராம், திங்கட்கிழமை அதையே நிரந்தரமாக்கட்டுமா என்று கேட்கப்போகிறாராம். "பரவாயில்லப்பா, பின்னாடி நிம்மதியாத்தான் இருக்கு" என்றாய். என்னையே பதிலுக்குப் பதில் பேசி உட்கார வைக்கிற வாய்க்கு நிம்மதியாம்.

ஞாயிற்றுக்கிழமை நம் சலூனுக்கு, எதிர்மாடியில் குடிவந்திருக்கும் வெளிநாட்டு இன்ஜினியர் வந்தார். ஆள் நம்மைவிடக் கறுப்பு, முடி கம்பிச்சுருள் மாதிரி. அவர் முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், அடுத்துக் காத்திருந்த வீட்டுப் புரோக்கர், "அண்ணே, அதே சீப்பையா எங்களுக்கும் போடுவீங்க?" என்றான். பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. இன்ஜினியருக்கு நம் பேச்சு அரைகுறை, ஆனால் இந்த மாதிரிச் சிரிப்பு எந்த ஊர்க்காரனுக்கும் புரியும் போலிருக்கிறது. "பரவாயில்ல, அப்புறம் வரேன்" என்று எழுந்தார். அச்சு அசல் போனில் கேட்ட உன் குரல். தோளை அமுக்கி அவரை உட்கார வைத்துவிட்டு, "உனக்குச் சீப்பு எதுக்குடா, ஈரத்துணி போதுமே" என்றேன் புரோக்கரிடம். அவன் வழுக்கை மண்டையைத்தான் நீ பார்த்திருக்கிறாயே. வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்று முறைத்தான், நல்லாப் பாத்துட்டு வா என்றேன். வீறாப்பாகப் பேசிவிட்டு நான் செய்த கூத்தைக் கேள். எல்லாருக்கும் அடிப்பதுபோல் தண்ணீர் அடித்தேன், முடி சுருண்டு பாதியாகிவிட்டது. இன்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார், காயவைத்துத்தான் வெட்டணும் என்று சைகை காட்டினார். அவர் சொல்லச் சொல்ல வெட்டினேன். இடது பக்கம் கொஞ்சம் மேடு, அதை அம்மாவிடம் சொல்லாதே. நேற்று புரோக்கர் திரும்ப வந்தான், காதோரம் பிளாஸ்திரி, வேறு கடையின் கைவண்ணம். திருந்திவிட்டான் என்று சொல்லமாட்டேன், முகம் உர்ரென்றுதான் இருந்தது. ஆனால் இன்ஜினியர் தாடி வழித்துக்கொண்டிருக்க, இவன் வாயைத் திறக்காமல் முறைக்குக் காத்திருந்தான்.

அதனால் கண்ணு, திங்கட்கிழமை பரவாயில்லை என்று சொல்லாதே. முன்னால்தான் நிற்பேன் என்று சிரித்துக்கொண்டே சொல். உன் கையால் வாங்க இஷ்டமில்லாதவர்கள் உட்கார்ந்து காத்திருக்கட்டும், அங்கேயும் பெஞ்சு இருக்குமல்லவா. வேலை போய்விடுமோ என்று பயப்படாதே, இங்கே முடி கூட்ட ஆளில்லாமல் நான்தான் குனிந்து நிமிர்கிறேன்.

உன் திமிர் குறையாமல் நூறு வயசு நன்றாக இரு. காலுறை போடாமல் வெளியே போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள். நான் கேட்பது ஒன்றுதான், அடுத்த போட்டோவில் உன் பின்னால் கண்ணாடிக் கதவு தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாயை உனக்குக் கொடுத்த
அப்பா