அம்மா போடாத வோட்டு

என்னைப் பெற்று வளர்த்து, கடைசிவரை என்னோடு வாதாடி ஓயாத என் அம்மாவுக்கு,

நேற்று நம்முடைய நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்தில் தேர்தல் நடந்தது. கொழும்பில் இனிமேல் பாராளுமன்றமாம். நம் தீவுகளுக்கெல்லாம் சேர்த்து, ஊர்காவற்றுறைத் தொகுதியின் பேரில் ஓர் ஆள் அங்கே போய் இருக்கப் போகிறார். சோளகக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தும் பெண்கள் வரிசை குலையாமல் நின்றார்கள். அந்த வரிசையில் நான் உங்களைத் தேடினேன். செத்துப் பதினைந்து வருஷமானவரைத் தேடுகிற விசரன் நான் ஒருவன்தான்.

அப்பாவின் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது வோட்டு என்பது சொத்தோ வருமானமோ உள்ள ஆண்களுக்கு மட்டும். அப்பாவுக்கென்று ஒரு பரப்புக் காணியும் இல்லை. உங்கள் சீதனக் காணியைக் காட்டித்தான் அவருடைய பெயர் வோட்டர் இடாப்பில் ஏறியது. சால்வையை மடித்துப் போட்டுக்கொண்டு வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குப் போவார். யாரோ ஒரு பெரிய மனிதருக்கு வோட்டுப் போட்டுவிட்டு, இராச்சியம் பிடித்தவர் மாதிரி வந்து இறங்குவார். நீங்கள் சோற்றைப் போட்டபடியே கேட்பீர்கள்: "காணி என்ர. வோட்டு மட்டும் உங்கடயோ?"

அப்பா சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்பா போன பிறகு சட்டம் மாறியது. இருபத்தொரு வயது வந்த எல்லோருக்கும், பெண்களுக்கும், வோட்டு என்றார்கள். நீங்கள் ஊரை நிர்வகித்த விதானையார் வீட்டுக்கு இரண்டு தரம் நடந்து, இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வந்தீர்கள். தேர்தலில் நிற்கிற ஆளுக்கொரு நிறப் பெட்டி வைப்பார்களாமே, எழுத்து வாசிக்கத் தேவையில்லையாமே என்று ஊரெல்லாம் விசாரித்தீர்கள்.

நான் அப்போது யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு வந்த இளந்தாரி. முழுச் சுயராச்சியம் தராத கொழும்புச் சபைக்கு நாங்கள் ஏன் ஆள் அனுப்ப வேண்டும், தேர்தலைப் பகிஷ்கரிப்போம் என்று கூட்டம் கூட்டமாகப் பேசித் திரிந்தேன். நம் பகுதியில் ஒருவர் வேட்புமனுக் கொடுக்க நினைத்திருந்தார். அவருடைய வீட்டுப் படலையடியில் போய் இருந்து மனதை மாற்றுவது என்று நானும் நண்பர்களும் தீர்மானித்தோம். புறப்படும்போது நீங்கள் வழியை மறித்தீர்கள்.

"ஆரும் ஒராள் நிக்கட்டும் மோனை. நான் போடுற ஒரு வோட்டிலயோ உங்கட சுயராச்சியம் கெட்டுப்போகப் போகுது?"

அடுத்தமுறை போடலாம் அம்மா என்றேன், உங்கள் முகத்தைப் பாராமல். அந்த மனிதர் மனுக் கொடுக்கவில்லை. வேறொருவரும் கொடுக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வெளியே பெண்கள் வோட்டுப் போட, நம் தொகுதியின் கதிரை சபையில் வெறுமையாகக் கிடந்தது. வெற்றி என்று நாங்கள் ஆளுக்காள் மாலை போட்டுக்கொண்டோம்.

மறுவருஷம் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. பாயில் கிடந்தும் எலெக்சன் எப்போதாம் என்று கேட்டீர்கள். கெதியில் வரும் என்று பொய் சொன்னேன்.

வரத்தான் செய்தது, நீங்கள் போன பிறகு. ஆட்களின் மனமும் மாறியிருந்தது, என் மனமும்தான். அப்போது நான் வாத்தியார் ஆகிவிட்டதால், பெயர் பார்க்கிற மேசையில் என்னை இருத்தினார்கள். மத்தியானத்துக்குப் பிறகு, வள்ளத்தில் வேறு தீவிலிருந்து கொண்டுவந்த ஒரு பெண் முன்னால் வந்து நின்றா. உங்கள் வயது இருக்கும். பெயரைக் கேட்டேன்.

"சின்னத்தங்கம். கணபதிப்பிள்ளையின்ர பெண்சாதி."

உங்கள் பெயரை அவர்கள் இடாப்பிலிருந்து எடுக்கவில்லை, அம்மா. நான் யாரென்று அவவுக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த இரண்டு வேட்பாளர்களின் ஆட்களுக்கும் தெரியும். அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் பெயரை 'நான்' என்று ஒரு குரல் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலம். என் கண் நிறைந்துவிட்டது. வோட்டுத் துண்டைக் கொடுத்தால் உங்கள் பெயரில் ஒரு வோட்டு விழும், என் நெஞ்சும் ஆறும் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் உங்கள் காணியை வைத்து அப்பா போட்டது போதாதா? உங்கள் பெயரை வைத்து இன்னொருத்தி போட நான் விடலாமா?

"அது என்ர அம்மாவின்ர பேர்," என்றேன். "அவ இப்ப இல்லை."

அந்த மனிசி விறைத்துப்போனா. "எனக்குத் தெரியாது ராசா. சொல்லித் தந்ததைச் சொன்னனான்," என்று சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு போய்விட்டா. அவவில் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா உங்கள் காணியைக் கொண்டுபோனார், அவ உங்கள் பெயரைக் கொண்டுவந்தா. உயிரோடு நின்று கேட்ட உங்களை மறித்தவன் நான். உங்கள் பெயருக்கு நேரே 'இறந்தவர்' என்று என் கையால் எழுதினேன். கொள்ளி வைத்த அன்று வராத அழுகை அன்றைக்கு வந்தது.

பகிஷ்கரிப்பு என்று நாங்கள் செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் சந்தியில் அடிபடுகிறார்கள். அதற்கு ஏதாவது பதில் சொல்லிச் சமாளிக்கிறேன். எனக்குப் பதில் தெரியாத கேள்வி வேறு. யாரையாவது நிற்க விட்டிருந்தால், நீங்கள் யாருக்குப் போட்டிருப்பீர்கள்? உங்களுடைய மனதில் யார் இருந்தார்? ஒரு நாளாவது நான் கேட்கவில்லையே, அம்மா.

நீங்கள் காணாத உங்கள் மருமகள் நேற்று வோட்டுப் போட்டாள். என் ஆளுக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன். பேத்திக்கு வயது வர இன்னும் ஒன்பது வருஷம் கிடக்கிறது. இப்போதே எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி. உங்கள் மேல் ஆணை: அவள் எனக்கு எதிராகவே போடுவதாக இருந்தாலும், நானே கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு, அவள் வரும்வரை வெளியே நிற்பேன்.

இப்படிக்கு,
உங்களை வீட்டில் இருத்திய உங்கள் மூத்த மகன்,
தம்பிராசா