பச்சை மூடிக் குப்பி

மச்சான்,

நேற்று சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதிக்கக் குடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேசையில் சின்னச் சின்னக் குப்பிகள் வரிசையாக நின்றன. சிவப்பு மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி, நடுவில் ஒரு பச்சை. மிஸ்ஸி என் கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடினாள். நான் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பயப்பிடாதீங்க வாப்பா" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைப் பல வருசமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் பெண்சாதி, என் தங்கச்சி. வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். வேண்டுமென்றுதான் இவளைக் கூப்பிட்டேன்.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் மன்னாருக்குப் போய் ஊரைப் பார்த்தோமே. தொண்ணூறில் ஊரை விட்டு விரட்டப்பட்டு ஒரே தோணியில் ஓடி வந்த நாம், திரும்பிப் போனது ஒரே பஸ்ஸில். உன் வளவில் வீட்டைக் காணோம். கிணறு மட்டும் கிடந்தது. அதற்குள்ளிருந்து ஒரு மரம் தலையை நீட்டியிருந்தது. அங்கே நீ ஒரு சொல்லும் பேசவில்லை. இங்கே மாம்புரிக்குத் திரும்பி வந்த பிறகுதான் பேச்சுத் தொடங்கியது. பிறகு நிற்கவேயில்லை. ஒரு கிழமை, ஏழு இரவும், நீ கண் மூடவில்லை. ஊரில் பெரிய வீடு கட்டப் போகிறேன் என்று கரை நீளத்துக்கு மணலில் அறை அறையாகக் கோடு கீறினாய்.

ஆஸ்பத்திரி டொக்டர் தந்த குளிசைதான் உன்னை நிதானத்துக்குக் கொண்டுவந்தது. அது ஒரு வகை உப்பு என்று அவர் சொன்னதும் உனக்குச் சிரிப்பு. "உப்பு விளையுற புத்தளத்தானுக்கு உப்பைக் குளிசையாத் தாறாங்க மச்சான். வெளியில சொல்லாத, மானம் போகும்."

அந்த உப்பு இரத்தத்தில் கூடினால் நஞ்சு, குறைந்தால் பழைய வருத்தம். அதனால் இடைக்கிடை இரத்தம் எடுத்து அளக்க வேண்டும். அப்படி அளக்கப் போன ஒரு நாள் ஆஸ்பத்திரியில் அதற்கான குப்பி இல்லை. மிஸ்ஸி எனக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். "சிவப்பு மூடி. உள்ளுக்கு ஒண்டும் பூசாத குப்பி. பாமசியில வாங்கிட்டு வாங்க." துண்டும் எழுதித் தந்தாள். பாமசிக்காரன் துண்டைப் பார்த்துவிட்டு, "சிவப்பு முடிஞ்சுட்டு நானா. மஞ்சளும் பச்சையும்தான் இருக்கு. மிஸ்ஸிட்டக் கேட்டுட்டு வாங்களன்" என்றான்.

நான் கேட்கப் போகவில்லை. எனக்கு நிறம்தான் எழுத்து. மீன் பிடிக்கிற களப்பில் எது யாருடைய வலை என்று மிதப்பின் நிறத்தை வைத்துத்தானே அறிவோம். நம்முடைய மிதப்பு பச்சை, பூசினவன் நீ. என் கை தானாகப் பச்சைக்குப் போனது. நம்முடைய நிறம், பிழைக்காது என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது வேறு மிஸ்ஸி நின்றாள். குப்பியைத் தூக்கிப் பார்த்து, "இதையா சொன்னாங்க?" என்று கேட்டாள். இல்லை என்றால் துண்டைக் கேட்பாள். துண்டு பாமசியில் கிடந்தது. வாசிக்கத் தெரியாதவனை மனிசர் பார்க்கிற பார்வை உனக்குத் தெரியும். "ஓம்" என்றேன். நீ வாங்குப் பலகையில் இருந்தபடி சட்டைக் கையை மடித்தாய்.

இரத்தத்தை டவுனில் ஒரு லேப்புக்கு நான்தான் கொண்டுபோனேன். உப்பு மிகக் கூட என்று துண்டு வந்தது. டொக்டர் முகம் மாறி, "குளிசைய உடன நிப்பாட்டுங்க. ரெண்டு நாளையில வாங்க, இன்னொருக்கா அளப்பம்" என்றார். அந்த ரெண்டு நாளும் களப்பில் இறால் நிறையப் பட்டது. "குளிசை இல்லாமலே குதிரை மாதிரி இருக்கிறன், என்னத்துக்கு மச்சான்?" என்றாய். நானும் இழுத்துக்கொண்டு போகவில்லை.

குளிசையை நிறுத்தின மூன்றாம் கிழமை உனக்கு மறுபடி உறக்கம் போய்விட்டது. ஒரு நாள் காலை, இதை எழுதுகிற இவள் பொறுக்க முடியாமல், "எங்கயாவது போய்த் தொலைங்களன்" என்று ஏசினாள். அன்று மத்தியான லுஹர் தொழுகைக்கு முன் தோணியை எடுத்தாய். கச்சான் காற்று உரத்து அடித்தது. வீடு கட்டப் போகிறேன் என்று கரையில் நின்றவர்களுக்குக் கை காட்டினாயாம். எலுவன்குளத்துப் பக்கம், ஆறு களப்பில் விழுகிற இடத்தில் தோணி கிடந்தது. நீ கிடைக்கவில்லை. மையித்து, உன் உடல், இல்லாமலே உனக்குக் கடைசித் தொழுகை தொழுதோம்.

மிஞ்சின குளிசையைத் திருப்பிக் குடுக்கப் போன அன்று, சிவப்பு மூடி என்று சொன்ன பழைய மிஸ்ஸி நின்றாள். எந்தக் குப்பியில் எடுத்தது என்று கேட்டாள். சொன்னேன். நான் குடுத்த குளிசையை மேசையில் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "ரத்தம் உறையாம இருக்க அந்தப் பச்சைக் குப்பிக்குள்ள ஒண்டு பூசியிருக்கும் வாப்பா. அதிலயும் இதே உப்புத்தான்."

கூடின உப்பு உன் இரத்தத்தில் இருக்கவில்லை, மச்சான். நான் தெரிந்தெடுத்த குப்பியில் இருந்தது.

அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருசமும் நீ போன நாளில் உன் பேரில் ஓதுகிற கத்தத்துக்குச் சோறாக்கும்போது இவள், "நான்தானே போகச் சொன்னன்" என்று அழுவாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டு அந்தச் சோற்றைத் தின்றேன்.

இந்த இடத்தில் இவள் பேனையை வைத்துவிட்டாள்.

"அப்ப அவர் போனது நான் ஏசினதால இல்லையா?"

"இல்ல."

"இது உங்களுக்கு அப்பவே தெரியும்."

"ஓம்."

எழும்பிப் போனாள். கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டது, கனநேரம். முகம் கழுவி வந்து இருந்தாள். "எத்தனை கத்தம் அழுதன் நானா" என்றாள். பிறகு பேனையை எடுத்து, "சொல்லுங்க, முடிப்பம்" என்றாள்.

மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வாய் எனக்கு இல்லை. இத்தனை வருசம் இவள் தன்னுடையது என்று சுமந்த பாரத்தை இன்றைக்கு இறக்கி என் முன்னால் வைத்திருக்கிறாள். என்னுடையதோடு சேர்த்து அதையும் நான் எடுத்துக்கொள்கிறேன், மச்சான். அது முதலிலிருந்தே எனக்குரியதுதான்.