முயலுக்கு வாங்கும் துப்பாக்கி

மனியோட்டோட்டோ
ஜூலை, வியாழக்கிழமை

அன்புள்ள ஃபெர்கஸுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்றுதான் கை தானாக எழுதப் போகிறது. எல்லாரும் என்றால் இப்போது நானும் இந்தக் கிழட்டு நாய் ஜெட்டும். ஜெட்டுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டு வண்டியில் தாவி ஏற முடிவதில்லை. நான்தான் தூக்கி ஏற்றுகிறேன். ஏற்றியதும், தானே ஏறிய மாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறது. எனக்கு ஒன்றுமில்லை. "நல்லா இருக்கேன், வேலை ஜாஸ்தி" என்று ஆஸ்திரேலியாவிலிருந்து உன் செய்தி வாரா வாரம் போனில் வந்துவிடுகிறது. நான் கூப்பிட்டால் மணி அடித்து ஓய்கிறது. அதனால்தான் கடிதம். கடிதம் அடித்து ஓயாது, மேசைமேல் கிடக்கும்.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ரைஃபிள் வாங்கப் போகிறேன். பெரியது இல்லை, முயல் சுடுகிற .22. இதைப் படித்ததும் எழுந்து வெளியே போய்விடாதே. உட்கார்ந்து கடைசி வரை படி. உரிமம் கொடுப்பதற்கு முன்னால், கேட்பவரின் நெருங்கிய சொந்தம் ஒருவரிடம் அதிகாரி பேசியாக வேண்டும். வழக்கமாகக் கணவனையோ மனைவியையோதான் கேட்பார்கள். எனக்கு அந்த இடம் காலி. உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நீ பேசினால்தான் உரிமம். பேசாவிட்டால் இல்லை.

முயல் இந்த வருடம் சொல்லி மாளாது. ஓடைப் பக்கத்துக் குதிரைமசால் தீவனப் பயிரை மொட்டையடித்துவிட்டன. இந்த ஜூலைக் குளிரில் பனி விழுந்து புல் காய்ந்ததும் மரத்துக்கு வந்துவிட்டன. போன வருடக் குளிர்காலத்தில் அப்பா ஓடையோரம் வரிசையாக நட்டாரே, அந்தப் பாப்ளர் கன்றுகளைக் கீழே சுற்றிக் கடித்திருக்கின்றன. பட்டையைச் சுற்றிலும் கடித்துவிட்டால் மரம் நின்றபடியே போய்விடும், வசந்தம் வரும் வரை வெளியே தெரியாது. சினை ஆடு ஒன்று முயல் வளையில் கால் விட்டு முறித்துக்கொண்டது. அதை முடித்துவைக்கப் பக்கத்துப் பண்ணையிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. அவர் வரும் வரைக்கும் நான் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழை பெய்தது. வேறு எதுவும் தோன்றவில்லை.

வட்டார அலுவலகத்திலிருந்தும் ஆள் வந்து பார்த்தார். கோடைக்குள் முயலைக் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே ஆள் அனுப்புவார்களாம். விஷம் வைக்கலாம் என்றார். ஜெட் எதையாவது எடுத்துத் தின்று வைக்கும், வேண்டாம் என்றேன்.

"ஆள் வச்சுச் சுட வேண்டியதுதானே, நீ எதுக்கு?" என்று நீ கேட்பாய் என்று தெரியும். வைத்துப் பார்த்தேன். ரான்ஃபர்லியிலிருந்து கெல்வின் என்று ஒரு பையன் வந்தான். நல்ல பையன், காலணியைக் கழற்றிவிட்டுத்தான் சமையலறைக்குள் வந்தான். டீ குடித்துவிட்டு மேட்டுக்குப் போனான். நான் தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். முதல் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பார்த்தால் நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், குழாய் மேலே ஓடிக்கொண்டிருக்கிறது, ஜெட் என் கையை நக்குகிறது. பயமா என்றால் பயமில்லை. அழுகையும் வரவில்லை. கால் என்னைக் கேட்காமலே மடங்கிவிட்டது, அவ்வளவுதான். கெல்வினை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். பாவம், தான் என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் போனான்.

அப்புறம்தான் யோசித்தேன். அடுத்தவன் சுட்டால் எப்போது வெடிக்கும் என்று தெரியாது, நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். துப்பாக்கி என் கையில் இருந்தால், எப்போது என்று எனக்குத் தெரியும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிழவிக்குக் கழன்றுவிட்டது என்பார்கள். உனக்குப் புரியலாம். அன்றைக்குக் காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் நாம் இரண்டு பேர்தான்.

அப்பாவுடைய துப்பாக்கிகளைப் போலீஸ் அன்றைக்கே எடுத்துப் போய்விட்டது உனக்குத் தெரியும். பிறகு ஒரு நாள் கூப்பிட்டு, திருப்பித் தரலாமா, என்ன செய்யட்டும் என்று கேட்டார்கள். உருக்கிவிடுங்கள் என்றேன். புதியது வேறு, அது வேறு.

ஹினெமோவாவிடம் சொன்னேன், எனக்கு இங்கே வேறு சிநேகிதி யார். அவள் இன்னும் கம்பளி வெட்டும் கூட்டத்துக்குச் சமைக்கப் போகிறாள். இந்த வயதிலும் இருபது பேருக்கு ஆட்டுக்கறி வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவருகிறாள். கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏய் க்ளென், உனக்கென்ன மூளை கழண்டுபோச்சா? முயலுக்கா துப்பாக்கி கேக்குற, இல்ல..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டாள். பிறகு உப்புப் போதுமா என்று கேட்டாள்.

ஊரே அந்தப் பாதி வாக்கியத்தில்தான் நிற்கிறது, ஃபெர்கஸ். கடையில் ரொட்டி வாங்கும்போது, தேவாலய வாசலில், ஆட்டுச் சந்தையில், எல்லாரும் என்னைப் பார்த்ததும் ஏதோ ஆரம்பிக்கிறார்கள், நடுவில் வானிலைக்குப் போய்விடுகிறார்கள். இந்த வருடம் வானிலையைப் பற்றி நான் கேட்டது ஆயுசுக்கும் போதும்.

துப்பாக்கிக் கடைக்கும் போய்வந்தேன். அலெக்சாண்ட்ராவில் இருக்கிற கடை. உரிமம் வராமல் விற்க மாட்டார்கள், ஆனால் பார்க்கலாம், தோளில் வைத்துப் பார்க்கலாம். கடைக்கார அம்மாள் என்னைவிடக் குட்டை. முதலில் எடுத்துக் கொடுத்தது எனக்கு நீளம், கன்னம் சரியாக உட்காரவில்லை. "இது உங்க வீட்டுக்காரர் அளவுங்க. உங்க கைக்கு ஒண்ணு பாப்போம்" என்றாள், ஒன்றும் தெரியாதவளாக. அந்தக் கடையில் மட்டும்தான் ஒருவர் பேச்சை முழுதாக முடித்தார். பிறகு தோளில் வைக்கிற கட்டை குட்டையாக உள்ள ஒன்றை எடுத்தாள். குழல் முனையில் சத்தம் அடக்குகிற உருளை மாட்டலாம், புத்தகத்தை மூடுகிற சத்தம்தான் வரும் என்றாள். அதை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

பாதுகாப்பு வகுப்பு ஊர் மண்டபத்தில் நடந்தது. எல்லாம் மீசை முளைக்காத பயல்கள், நடுவில் நான். எந்தத் துப்பாக்கியையும் குண்டு இருக்கிற துப்பாக்கியாகவே நினை, அதுதான் முதல் பாடம். தேர்வில் எனக்கு ஒரு கேள்விகூடத் தப்பாகவில்லை. "அம்மணி, ஏற்கெனவே பழக்கம்போல?" என்று நடத்துகிறவர் கேட்டார். இத்தனை வருஷம் முயல் உரித்துக் குழம்பு வைத்தவள் நான், சுட்டது மட்டும்தான் இல்லை என்றேன். பயல்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை அதிகாரி வீட்டுக்கு வருகிறார். இதை அப்படியே வைத்துவிட்டு, அவர் போனதும் மீதியை எழுதுகிறேன்.


ஞாயிற்றுக்கிழமை

வந்தது யார் தெரியுமா? டெரெக். நீ பள்ளிக்கூடம் போன பஸ்ஸை ஓட்டினாரே, அவரேதான். ஓய்வு பெற்ற பிறகு இந்த வேலையைப் பகுதி நேரமாகச் செய்கிறார். வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். முதல் கேள்வியே உன்னைப் பற்றித்தான். "பின் சீட்ல உக்காந்து கண்ணாடியில மூக்கை வச்சு அழுத்திக்கிட்டே வருவானே, அவன் எங்க இருக்கான் இப்போ?" என்றார். இரும்புத் தாது தோண்டுகிற இடத்தில் என்றேன்.

துப்பாக்கியைப் பூட்டி வைக்கிற இடத்தைக் காட்டச் சொன்னார். அப்பாவின் இரும்புப் பெட்டி சலவை அறையில் அப்படியேதான் இருக்கிறது. திறந்து காட்டினேன். உள்ளே முழுக்க ஜாம் பாட்டில். அதைக் காலியாகப் பார்க்கப் பிடிக்காமல் அடுக்கி வைத்தது, மறந்தே போய்விட்டேன். டெரெக் பூட்டை இரண்டு தரம் திருகிப் பார்த்தார். "பூட்டு கெட்டியாத்தான் இருக்கு. ஜாமை எவனும் திருட முடியாது" என்றார். போகும்போது ஒரு பாட்டில் கொடுத்து அனுப்பலாம் என்று எடுத்தேன், லஞ்சமாகிவிடும் என்று வைத்துவிட்டார்.

பிறகு சமையலறையில் உட்கார்ந்து கேள்விகளை ஆரம்பித்தார். எழுத்துக் கூட்டி மெல்ல எழுதுகிற மனிதர், பஸ் ஓட்டியதும் அப்படித்தான். முயல் எவ்வளவு, நிலம் எவ்வளவு, குடிப்பீர்களா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா எல்லாம் ஆயிற்று. கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார். "க்ளெனிஸ், நேராவே கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அலிஸ்டர் தன் கையாலயே போயிட்டார். உங்களுக்கு அந்த மாதிரி எண்ணம் வருதா? வந்துச்சா?" என்றார்.

நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா போனதிலிருந்து ஒருவர்கூட, டாக்டர்கூட, என்னிடம் இதைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் பயம், கேட்டால் வந்துவிடும் என்று. நான் உள்ளதைச் சொன்னேன். போவதற்கு எண்ணம் வந்ததில்லை. எழுந்திருக்க எண்ணம் வராத நாட்கள் இருந்தன. ஜெட் வந்து போர்வையை இழுக்கும், எழுந்துவிடுவேன். இப்போதும் பாதி நாள் கை கால் மரத்துப்போன மாதிரிதான் இருக்கிறது, ஆனால் ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிறது, கோழியை அடைக்கிறது. அவ்வளவையும் சொன்னேன். அவர் பேனாவை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, அப்படி எண்ணம் வந்தால் யாரிடம் போவீர்கள் என்றார். ஹினெமோவா என்றேன்.

அங்கேயே ஒன்று முடிவு செய்தேன். துப்பாக்கி என் பெட்டியில் இருக்கும். அதன் போல்ட், குண்டை உள்ளே தள்ளிப் பூட்டுகிற துண்டு, ஹினெமோவா வீட்டில் பூட்டியிருக்கும், அவளுக்கும் உரிமம் உண்டு. போல்ட் இல்லாமல் அது வெறும் தடி. முயல் சுடப் போக வேண்டுமானால் நான் அவள் வீட்டுக்குப் போய், டீ குடித்து, அவள் என் முகத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் வாங்கி வர வேண்டும். ஹினெமோவாவிடம் சொன்னதும், "உன் மூஞ்சியைப் பாக்கறதுக்கு எனக்குச் சம்பளம் யாரு குடுப்பா?" என்றாள். ஆனால் சாயங்காலமே பூட்டு வாங்கி வந்துவிட்டாள். இது உனக்காகத்தான் எழுதுகிறேன். நீ என்ன நினைத்து இத்தனை மாதம் தூங்காமல் இருப்பாய் என்று எனக்குத் தெரியாதா?

டெரெக் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. என்னிடம் யாரும் கேட்கவில்லை என்றால், உன்னிடம் யார் கேட்டிருப்பார்கள்? அங்கே உன் அப்பாவை யாருக்குத் தெரியும்? "நல்லா இருக்கேன், வேலை ஜாஸ்தி." உன் செய்தியை எடுத்து மறுபடி பார்த்தேன். அது அப்பாவின் வாக்கியம், ஃபெர்கஸ். எழுத்து மாறாமல் அவருடைய வாக்கியம். கடைசி வருடம் முழுக்க, யார் எப்படி இருக்கிறாய் என்று கேட்டாலும், அவர் அதைத்தான் சொன்னார். நாம் எல்லாரும் நம்பினோம்.

அதனால் டெரெக்கிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். என் மகனிடம் என்னைப் பற்றிக் கேட்டு முடித்ததும், என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவனிடமும் கேளுங்கள் என்றேன். "அது என் தாள்ல இல்லையே, க்ளெனிஸ்" என்றார். ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். பிறகு மறுபடி உட்கார்ந்து, பையைத் திறந்து, மெல்ல எழுதிக்கொண்டார்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேரும் வரை பொறுத்திருந்துதான் கூப்பிடுவார். தெரியாத எண்ணாக வரும். என்னைப் பற்றி உனக்குத் தோன்றுகிறதைச் சொல். அம்மாவிடம் துப்பாக்கி வேண்டாம் என்று தோன்றினால் அதையே சொல், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கம்பிவலை வாங்கிப் பாப்ளரைச் சுற்றிக்கொள்கிறேன். ஆனால் கடைசிக் கேள்விக்கு மட்டும் அப்பாவின் வாக்கியத்தைச் சொல்லாதே. நல்லா இல்லை என்றால் இல்லை என்று சொல். என்னிடம் சொல்ல முடியாவிட்டால் அவரிடம் சொல். அவர் அவசரப்பட மாட்டார். பஸ்ஸில் நீ ஏறி உட்கார்ந்த பிறகுதானே வண்டியை எடுப்பார்.

உன் அறையில் படுக்கை விரித்தே இருக்கிறது. ஜெட் அதன்மேல் ஏற முடியாமல் கீழே படுத்திருக்கிறது.

நீ நூறு வயது இருக்க வேண்டும், என் கண்ணே. முயல் எங்கேயும் போய்விடாது. போனை எடுடா.

என்றும் உன்
அம்மா