கல்லலில் பிழைத்த ஓக்

குன்னூர்
10-7-1966

அன்புள்ள நாச்சியாருக்கு,

வீரையா எழுதுவது. மழையிலும் குளிரிலும் நான் நலம். நீயும் மாமாவும் கறவை மாடும் நலந்தானே?

எங்கள் நர்சரியில் நானே வளர்த்த இரண்டு செடிகளை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மாமாவைக் கல்லல் ஸ்டேஷனுக்குப் போய் வாங்கிவரச் சொல். ஒன்று ஓக் மரக்கன்று. மற்றது அழகுக்கு வளர்க்கும் புல். ஆள் உயரம் வளர்ந்து வெள்ளைக் குஞ்சமாகப் பூக்கும்.

போன முறை வந்தபோது நமக்குள் நடந்த சண்டை நினைவிருக்கும். "நீங்க இங்குட்டு வந்துருங்க" என்று நீ, "நீ அங்குட்டு வா" என்று நான். நடுவில் மாமா, அதான் உன் ஐயா, "எது எந்த மண்ணுல பிழைக்குதோ அது அங்க இருக்கட்டும்" என்றார். அதையே பந்தயமாக வைத்துக்கொள்வோம். இந்த ஓக் அங்கே இரண்டு கோடை தாங்கினால் வேலையை விட்டுவிட்டு நான் கல்லலுக்கு வருகிறேன். கருகினால் நீ குன்னூருக்கு வர வேண்டும். புல் பந்தயத்தில் சேராது. அது உனக்கு என் பரிசு.

வளர்ப்பு முறையைக் கவனி. புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும். மண் எப்படி இருந்தாலும் சரி, தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. வேர் பிடித்த பிறகு தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை ஒட்ட அறுத்துவிட வேண்டும். ஓக்குக்கு ஆணிவேர் இறங்க ஆழமான மண் வேண்டும், குளிர்ச்சி வேண்டும். ஊன்றிய இடத்தை விட்டு அசைக்கக் கூடாது, பக்கத்தில் எதுவும் நெருக்கக் கூடாது. வருடத்துக்கு ஒரு சாண் வளர்ந்தாலே பெரிது. அடையாளத்துக்கு இந்தக் கடிதத்துக்குள் ஒரு ஓக் இலை வைத்திருக்கிறேன். ஓரம் அலை அலையாக இருப்பதைப் பார்.

அன்புடன்,
வீரையா

கல்லல்
4-9-1966

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

நாச்சியார் வணக்கத்துடன் எழுதுவது. பார்சல் வந்தது. ஐயா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏத்தா, மாப்பிள்ளை மாட்டுக்குத் தீவனமா அனுப்பிருக்காரு?" என்று கேட்டார். மாடும் அப்படித்தான் நினைத்தது. ஒரு வாய் கடித்து நாக்கை அறுத்துக்கொண்டு இரண்டு நாள் பாலை அடக்கிவிட்டது. என் கையிலும் மூன்று கீறல். பரிசு என்று எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி.

புல்லைக் கிணற்று மேட்டில் நட்டேன். நட்டதை மறந்துவிட்டேன், அது நன்றாக இருக்கிறது. உங்கள் ஓக்கைத் தொழுவத்துக்குப் பின்னால், நிழல் பார்த்து, ஆளுயரக் குழி வெட்டி நட்டேன். ஆட்டுக்கு முள்வேலி, வெயிலுக்கு ஓலைத் தட்டி, காலை மாலை கிணற்றுத் தண்ணீர். அப்படியும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறது. குளிர் வேண்டும், ஊன்றிய இடத்தை விட்டு நகராது, யாரும் நெருங்கக் கூடாது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு உங்கள் முகந்தான் வந்தது.

ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்கள்
நாச்சியார்

குன்னூர்
2-4-1967

அன்புள்ள நாச்சியாருக்கு,

நான் ஓக் என்றால் நீ புல்தான். எங்கே போட்டாலும் பிழைத்துக்கொள்வாய், தொட்டால் கையை அறுப்பாய்.

பங்குனி வெயில் ஏறியிருக்குமே, கன்று எப்படி இருக்கிறது? உண்மையை எழுது. நர்சரி முதலாளி எனக்கு இரண்டு அறை வீடு தருவதாகச் சொல்லியிருக்கிறார். சமையற்கட்டில் உனக்குப் பிடித்த மாதிரி பெரிய ஜன்னல் இருக்கிறது.

அன்புடன்,
வீரையா

கல்லல்
18-6-1967

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். அக்கினி நட்சத்திரத்தில் ஓக்கின் இலையெல்லாம் உதிர்ந்துபோனது உண்மை. ஆனால் மறுபடி துளிர்த்துவிட்டது. புது இலை கொஞ்சம் மினுமினுப்பாக இருக்கிறது. தண்ணீர் மாறியதால் இருக்கும். முதல் கோடை முடிந்தது, ஒன்று எனக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஜன்னலுக்குச் சந்தோஷம். நான் அங்கே வந்துவிட்டால் ஐயாவுக்கு யார் கஞ்சி காய்ச்சுவது?

தங்கள்
நாச்சியார்

கல்லல்
20-1-1968

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

பொங்கலுக்கு வருவீர்கள் என்று பார்த்தோம். வரவில்லை. உங்கள் புல் வந்துவிட்டது, ஊர் முழுக்க.

மார்கழியில் குஞ்சம் குஞ்சமாகப் பூத்து நின்றது. போகியன்று காப்புக் கட்ட வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வேண்டுமே. பக்கத்து வீட்டு ராக்காயி வெள்ளையாகத் தெரிந்ததும் அரிவாளோடு வந்துவிட்டாள். "நாச்சியா, பூளைப்பூ இம்புட்டுப் பெருசா ஒங்க கெணத்து மேட்டுல நிக்கிது, நான் எதுக்குக் கம்மாக்கரைக்குப் போயி அலையணும்?" என்று கேட்டுக்கொண்டே அறுத்தாள். நான் அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள் தெருவே பங்கு போட்டுக்கொண்டது. ஐயாவோ தடுக்காமல், "எங்க மாப்பிள்ளை அனுப்புன பூளை, எடுத்துக்கங்க" என்று அள்ளிக் கொடுக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை ஒட்ட அறுக்கச் சொன்னீர்கள் அல்லவா, ராக்காயி அறுத்துவிட்டாள்.

சாயங்காலம் தெருவில் நடந்தேன். எல்லா வீட்டுக் கூரை இறவாணத்திலும் உங்கள் புல் ஆடிக்கொண்டிருந்தது. நம் வீட்டில் நீங்கள் மட்டும் இல்லை. உள்ளே வந்து அழுதேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஓக் என் தோள் உயரம் வந்துவிட்டது.

தங்கள்
நாச்சியார்

குன்னூர்
11-2-1968

அன்புள்ள நாச்சியாருக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ராக்காயி செய்தது சரி, புல் இனி இன்னும் நன்றாகத் தூர் கட்டும்.

தோள் உயர ஓக் என்கிறாயே. இங்கே முதலாளியின் ஓக்குக்கு நாலு வயது, இன்னும் என் முழங்காலைத் தாண்டவில்லை. இரண்டாவது கோடை முடிந்ததும் ஒரு இலை பறித்து அனுப்பு. பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறேன்.

அன்புடன்,
வீரையா

கல்லல்
16-6-1968

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

இரண்டாவது கோடையும் முடிந்தது. கேட்டபடி இலை வைத்திருக்கிறேன். நீங்கள் கொடுத்த இலையோடு ஒட்டிப் பாருங்கள், ஓரம் அலை அலையாக இருக்கிறதா இல்லையா. பந்தயம் போட்டவர் பேச்சு மாறமாட்டார் என்று நம்புகிறேன்.

தங்கள்
நாச்சியார்

குன்னூர்
7-7-1968

அன்புள்ள நாச்சியாருக்கு,

இலை வந்து சேர்ந்தது. எங்கள் தலைமைத் தோட்டக்காரர் இஞ்ஞாசிமுத்துவிடம் காட்டினேன். அவர் நம் பக்கத்துத் தேவகோட்டைக்காரர் என்பதை மறந்துவிட்டேன். கசக்கி மோந்து பார்த்துவிட்டு, "இது நம்மூருப் புங்கை இலையில்ல? யாரு இதுக்குக் கத்திரி போட்டது?" என்று கேட்டார். நர்சரியே சிரித்தது. நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மனுசன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக ஒருத்தி உட்கார்ந்து இலைக்கு அலை வெட்டியிருக்கிறாள் என்று நினைத்தால் வேறு என்ன செய்ய.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஓக் கல்லல் வெயிலில் பிழைக்காது என்பது பந்தயம் போடும்போதே எனக்குத் தெரியும். ஜெயித்து உன்னை இங்கே கூட்டிவந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். குளிர் ஓக்குக்குத்தான் வேண்டும், நாச்சியா. எனக்கு வேண்டியிருக்கவில்லை.

இஞ்ஞாசிமுத்துவிடம், எங்கள் மண்ணில் ஓக் இப்படித்தான் இலை விடும் என்று சொல்லிவிட்டேன். வேலையை விடுவதாக முதலாளியிடமும் சொல்லியாயிற்று. ஆவணி பிறந்ததும் கல்லலில் இறங்குவேன். கிணற்று மேட்டில் புல்லுக்குப் பக்கத்தில் எனக்கு நாலு பாத்தி ஒதுக்கச் சொல்லி மாமாவிடம் கேள்.

நான் வருகிறேன் என்று மரத்தில் மிச்சமிருக்கும் இலைகளையும் கத்தரித்து வைத்துவிடாதே. எனக்கு நிழல் முழுசாக வேண்டும்.

உன்
வீரையா